மினிட்ஸில் ஏறாத பேச்சு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், 'சிண்டிகேட் போட்டு விலை ஏற்றுவதைத் தட்டிக் கேட்க டெல்லியில் ஒரு போட்டி ஆணையம் இருக்கிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் 'அப்படி ஒன்று இருக்கிறதா?' என்கிறார்கள், மீதிப் பேர் 'இருந்து என்ன பிரயோசனம்?' என்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. ஒரு வர்த்தகச் சங்கத்தில் சம்பளத்துக்குச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததையும், ஓய்வுக்குப் பிறகு ஆணையத்தின் உத்தரவுகளை உட்கார்ந்து வாசித்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள்தான். ஆனாலும் எந்த பிராண்டைக் கேட்டாலும் மூட்டைக்கு ஐந்து, பத்து ரூபாய்தான் வித்தியாசம். ஏறினால் எல்லாம் ஒரே வாரத்தில் ஏறுகின்றன. இது சிண்டிகேட் இல்லாமல் வேறென்ன?
– வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர், அரியலூர்

விலை ஒன்றாக ஏறுவது மட்டும் குற்றமாகிவிடாது. பேசி வைத்து ஏற்றினால்தான் குற்றம். ஒரு டீக்கடையில் டீ பன்னிரண்டிலிருந்து பதினைந்து ஆனால், எதிர்க்கடைக்காரர் யாரையும் கேட்காமல் மறுநாளே ஏற்றுவார். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அவரை ஒன்றும் செய்யாது. முந்தின நாள் ராத்திரி இருவரும் ஷட்டரை இறக்கிவிட்டுப் பேசினார்களா என்பதைத்தான் அது தேடும்.

அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று கேட்டால் சொல்கிறேன். சங்கக் கூட்டத்தின் அஜெண்டாவில் வேகன் தட்டுப்பாடு, வரிக் குறைப்பு மனு, ஆண்டு விழா என்று எல்லாம் கண்ணியமாக இருக்கும். கடைசி விஷயம் முடிந்து டீயும் முந்திரி பக்கோடாவும் வந்ததும் தலைவர் என் பக்கம் திரும்புவார். "சார், நீங்க புக்கை மூடிடுங்க. மதியச் சாப்பாடு ரெடியான்னு கொஞ்சம் பாத்துட்டு வாங்க." சாப்பாடு எப்போதும் ரெடியாகத்தான் இருக்கும். நான் திரும்பி வரும்போது எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு தெரியும். அடுத்த வாரம் டீலர்களுக்குப் போகிற விலைப் பட்டியலில் அது எண்ணாக வந்து உட்கார்ந்திருக்கும். கூட்டத்தில் பேசியதைப் பதிவு செய்யும் மினிட்ஸ் புத்தகத்தில் வேகன் தட்டுப்பாடு மட்டும்தான்.

இதுதான் ஆணையத்துக்குத் தலைவலி. காகிதம் இருக்காது, சூழ்நிலையை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். சிமென்ட் வழக்கில் அதைத்தான் செய்தார்கள். கட்டுமான ஒப்பந்ததாரர்களின் அகில இந்தியச் சங்கம் கொடுத்த புகாரின் பேரில் விசாரித்து, 2012 ஜூனில் பதினொரு சிமென்ட் கம்பெனிகளுக்கும் அவர்களின் சங்கத்துக்கும் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். நம் ஊர் இந்தியா சிமென்ட்ஸும், இன்று ராம்கோ என்று அறியப்படும் மெட்ராஸ் சிமென்ட்ஸும் அதில் உண்டு. சங்கக் கூட்டம் நடந்த தேதிகள், அதன் பிறகு ஏறிய விலை, தேவை இருக்கும்போதே குறைக்கப்பட்ட உற்பத்தி ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். விலை விவரங்களை ஏன் சங்கத்தில் கூடித் திரட்டினீர்கள் என்றதற்கு, "அரசாங்கமே கேட்டது, அதற்காகத்தான் திரட்டினோம்" என்று கம்பெனிகள் சொன்ன பதிலை வாசித்தபோது சிரித்துவிட்டேன். பொய்யென்று சிரிக்கவில்லை. அரசாங்கம் கேட்கத்தான் செய்யும். கொடுப்பதற்காகக் கூடுகிறவர்கள் கொடுத்து முடித்ததும் எழுந்து போய்விட மாட்டார்கள், அவ்வளவுதான்.

அபராதம் கட்டினார்களா என்று கேட்பீர்கள். 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. காரணம், வாதத்தைக் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆணையம் மறுபடி விசாரித்து 2016-இல் ஏறக்குறைய அதே அபராதத்தையே போட்டது. 2018 ஜூலையில் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், பத்து சதவீதத்தைக் கட்டச் சொல்லி மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டது. நீங்கள் இப்போது கட்டும் வீட்டுக்கு அந்த வழக்கால் ஒரு மூட்டை கூட மலிவாகப் போவதில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கு என்று ஒன்று உண்டு. இந்தியன் ஆயிலின் 2010 டெண்டருக்கு முன்னால் மும்பை ஹோட்டல்களில் கூடினார்கள், டெண்டரில் ஒரே மாதிரி விலை போட்டார்கள். ஆணையம் அபராதம் போட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. வாங்குவதே இரண்டு மூன்று அரசு எண்ணெய்க் கம்பெனிகள்தான். அப்படிப்பட்ட சந்தையில் விலைகள் தானாகவே ஒன்றாகும் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஹோட்டல் பில்லைப் பார்த்துப் பழகிய எனக்கு அதை ஜீரணிக்கக் கொஞ்சம் நாளாயிற்று.

அப்புறம், பேசி வைக்க வேண்டிய அவசியமே குறைந்து வருகிறது. 2022-இல் அம்புஜாவும் ஏசிசியும் அதானி கைக்குப் போயின. 2024 டிசம்பரில், இந்தியா சிமென்ட்ஸை அல்ட்ராடெக் வாங்க இதே ஆணையம் அனுமதி கொடுத்தது. இரண்டு கம்பெனிகள் சேர்ந்து விலை பேசினால் அபராதம். ஒன்றை ஒன்று விலைக்கு வாங்கிவிட்டால் அனுமதிக் கடிதம். கம்பெனிகளை இணைக்கும்போது ஆணையம் காட்டும் தாராளம் எனக்கு ஒப்பாது.

கேள்வி: டயர் கம்பெனிகளுக்குப் பெரிய அபராதம் என்று பேப்பரில் படித்தேன். அந்தப் பணத்தில் லாரிக்காரனுக்கு ஏதாவது வருமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

வராது. அபராதம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர்கள் தனியாகத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் மூல வழக்கு முடிந்தால்தானே?

டயர் வழக்கின் கதையையே பாருங்கள். ரப்பர் விலை இறங்கியும் டயர் விலை இறங்கவில்லை என்று டயர் டீலர்களின் சம்மேளனம் மத்திய அரசிடம் முறையிட்டது. ஆணையம் விசாரித்து, 2011–12 காலத்தில் ஐந்து கம்பெனிகள் தங்கள் சங்கத்தின் மூலம் விலை விவரங்களைப் பகிர்ந்து கூட்டாக விலை ஏற்றின என்று முடிவு கட்டி, 2018 ஆகஸ்ட் 31 அன்று உத்தரவு எழுதியது. ஆனால் எம்.ஆர்.எஃப். அதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றம் போயிருந்ததால் அந்த உத்தரவைச் சீலிட்ட உறைக்குள் வைக்கச் சொல்லிவிட்டார்கள். உறை மூன்றரை வருஷம் திறக்கவில்லை. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மனுக்களைத் தள்ளிய பிறகுதான் உள்ளே இருந்தது ஊருக்குத் தெரிந்தது: மொத்தம் 1,788 கோடி, அதில் எம்.ஆர்.எஃப்.புக்கு மட்டும் 622 கோடி.

சரி, முடிந்ததா? அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம், கணக்கில் பிழை இருக்கிறது, மறுபடி பார் என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. 2011-இல் நீங்கள் வாங்கிய டயர் ரீட்ரெடிங் எல்லாம் முடிந்து எங்கோ ஒரு வாழைத்தோட்டத்து வேலியில் கிடக்கும். வழக்குக்கு இன்னும் ஓட்டம் பாக்கி இருக்கிறது.

கேள்வி: கூட்டுச்சதி செய்தவர்களில் முதலில் காட்டிக்கொடுப்பவருக்கு முழு மன்னிப்பாமே? இது என்ன நியாயம்?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, காரைக்குடி

நியாயமாகத் தெரியாதுதான், அம்மா. ஆனால் வேலை செய்கிற ஏற்பாடு. டார்ச் பேட்டரி வழக்கு நல்ல உதாரணம். பானசோனிக், எவரெடி, நிப்போ பேட்டரி தயாரிக்கும் சென்னையைச் சேர்ந்த இந்தோ நேஷனல் ஆகிய மூன்று கம்பெனிகளிலும் 2016 ஆகஸ்டில் சோதனை நடந்தது. அதற்கு முன்பே பானசோனிக் தானாக ஆணையத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தது. 2018 ஏப்ரலில் வந்த உத்தரவில் அவர்களுக்கு நூறு சதவீதத் தள்ளுபடி. பின்னால் வந்த எவரெடிக்கு முப்பது சதவீதம் குறைத்து 171.55 கோடி, இந்தோ நேஷனலுக்கு இருபது சதவீதம் குறைத்து 42.26 கோடி.

மினிட்ஸில் ஏறாத பேச்சை வெளியே கொண்டுவர, அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்தான் வாய் திறக்க வேண்டும். 'பக்கத்து நாற்காலிக்காரன் நமக்கு முன்னால் ஓடிவிடுவானோ' என்ற பயம்தான் அந்த வாயைத் திறக்கும். நான் பார்த்த அறைகளில் பாசத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் யாரும் யாரையும் நம்பியதில்லை. அதனால் இந்த விதிக்கு என் ஓட்டு உண்டு.

கேள்வி: ஒரு சின்ன செயலி நடத்துகிறேன். சம்பாத்தியத்தில் ஒரு பங்கு பிளே ஸ்டோருக்குப் போகிறது. கூகுளுக்கு அபராதம் மேல் அபராதம் போட்டும் என் பில் குறையவில்லையே?
– செயலி நிறுவனர், கோயம்புத்தூர்

அபராதம் ஒன்று, நடத்தையைத் திருத்துவது இன்னொன்று. நம் ஆணையத்துக்கு முதலாவது ஓரளவு வருகிறது. இரண்டாவது இன்னும் கைவரவில்லை.

கூகுளோடு மிக நீளமாக மல்லுக்கட்டியவர்களில் சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் ஒன்று. கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் 2012-இலேயே தேடல் முடிவுகளைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். அதில் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி அபராதம் விழுந்தது. பிறகு பிளே ஸ்டோர் கட்டண விவகாரம். 2022 அக்டோபரில் அதற்கு 936.44 கோடி அபராதம். செயலிகள் தங்கள் சொந்தக் கட்டண வழியைப் பயன்படுத்தத் தடை போடக்கூடாது என்றும் உத்தரவு. கூகுள் என்ன செய்தது? வேறு வழியில் பணம் வாங்கிக்கொள், ஆனால் எங்களுக்கு நாலு சதவீதம்தான் குறைப்போம் என்றது. பதினைந்து பதினொன்றானது, முப்பது இருபத்தாறானது. பணத்தை வாங்கித் தரும் கம்பெனிக்கும் அதிலிருந்து கொடுத்துவிட்டுப் பார்த்தால் கையில் மிஞ்சுவது என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

கட்ட மறுத்தவர்களின் செயலிகளை 2024 மார்ச் 1 அன்று கடையிலிருந்து தூக்கினார்கள். பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி எல்லாம் காணாமல் போயின. மத்திய அமைச்சர் கூப்பிட்டுப் பேசிய பிறகு சில நாளில் திரும்பி வந்தன. இதைக் கவனியுங்கள்: ஆணையத்தின் உத்தரவால் நடக்காதது அமைச்சரின் அழைப்பால் நடந்தது. அமைச்சரைப் போய்ப் பார்க்க உங்களால் முடியுமா? 2025 மார்ச்சில் தீர்ப்பாயம் 936 கோடியை 216.69 கோடியாகக் குறைத்தது தனிக்கதை.

இதனால்தான், தப்பு நடந்த பிறகு பத்து வருஷம் விசாரிப்பதை விட்டுவிட்டு, பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே 'இதைச் செய்யாதே' என்று எழுதி வைத்துவிடலாம் என்கிற வாதம் கிளம்பியது. ஐரோப்பா அப்படி ஒரு சட்டம் போட்டு, 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோவும் மெட்டாவுக்கு 20 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. இங்கேயும் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வந்தது. ஆனால் அது சட்டமாகவில்லை. இந்தியாவில் 4,000 கோடி வரவு, ஒரு கோடி பயனாளர் என்ற மாதிரி வரம்புகளை வைத்தால் நாளைக்கு வளரும் நம் கம்பெனிகளும் மாட்டும் என்று உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியே எதிர்த்தார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. வரம்பைக் கூட்டிக்கொள்ளட்டுமே. அதற்காகச் சட்டத்தையே பரணில் போடுவது, வரம்புக்கு எட்டாத உங்களைப் போன்றவர்களின் தலையில்தான் விடிகிறது.

கேள்வி: அபராதத்தை உலகம் முழுக்க வரும் வரவின் மேல் போடுவோம் என்கிறார்களாம். ஆப்பிள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறதாமே?
– சி.ஏ. மாணவர், திருச்சி

ஆமாம், டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு. வேர் ஒரு பூச்சி மாத்திரையில் இருக்கிறது. இந்திய உணவுக் கழகக் கிடங்கில் கோதுமைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு 2009-இல் டெண்டர். மூன்று கம்பெனிகள் கிலோவுக்கு அச்சு அசலாக 388 ரூபாய் போட்டிருந்தன. அந்த வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்த பொருளின் வரவை மட்டும் வைத்தே அபராதம் கணக்கிடு என்றது. கம்பெனிகளுக்கு அது பெரிய ஆறுதல். 2023 திருத்தம் அதை மாற்றி, எல்லாப் பொருளும் எல்லா நாடும் சேர்ந்த வரவில் பத்து சதவீதம் வரை போகலாம் என்றது. ஆப்பிளைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் உச்சவரம்பு பெரிதாக இருப்பதில் தப்பில்லை. உலக வரவில் பத்து சதவீதம் என்று எழுதி வைத்து இருபது வருஷம் வசூலிக்காமல் இருப்பதைவிட, உள்ளூர் வரவில் ஐந்து சதவீதத்தை இரண்டு வருஷத்தில் வசூலித்தால் கம்பெனிக்காரர் கூடுதலாகப் பயப்படுவார். பட்ஜெட் போட்டுக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: எப்போதோ வரப்போகிற செலவுக்கு யாரும் தூக்கம் கெடுவதில்லை.

கேள்வி: அமெரிக்காவில் கூகுளை இரண்டாக உடைப்பார்கள் என்றார்களே, என்ன ஆயிற்று?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

உடைக்கவில்லை. கூகுள் ஏகபோக நிறுவனம்தான், சட்டத்தை மீறியும் இருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னார். போனிலும் பிரவுசரிலும் தன் தேடலே முதலில் நிற்பதற்காக 2021-இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. இது விசாரணையில் வெளியான கணக்கு. ஆனால் 2025 செப்டம்பரில் தண்டனை என்று வந்தபோது குரோமை விற்கச் சொல்லவில்லை. வேறு யாரையும் சேர்க்காதே என்ற ஒப்பந்தம் கூடாது, போட்டியாளர்களோடு சில தரவுகளைப் பகிர வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். (நீதிபதி குஜராத்தில் பிறந்தவர், கூண்டேறிச் சாட்சி சொன்ன சுந்தர் பிச்சை சென்னையில் வளர்ந்தவர். வழக்கு நடந்தது வாஷிங்டனில்!)

மெட்டா வழக்கில் அரசுத் தரப்பு தோற்றே போனது. இன்ஸ்டாகிராமை 2012-இலும் வாட்ஸாப்பை 2014-இலும் வாங்கியதைத் தப்பென்று 2020-இல் வழக்குப் போட்டு, 2025 நவம்பரில் தீர்ப்பு வரும்போது, டிக்டாக் எல்லாம் வந்து சந்தையே மாறிவிட்டது, இன்று மெட்டாவிடம் ஏகபோகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தாமதம் இந்தியச் சொத்து மட்டும் இல்லை.

அங்கிருந்து நாம் ஒன்று கற்றுக்கொண்டோம். வரவு குறைவாக இருக்கும் இளம் கம்பெனியைக் கோடி கோடியாகக் கொடுத்து வாங்கினால் பழைய விதிப்படி நம் ஆணையத்திடம் கேட்கவே வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து, விலை 2,000 கோடிக்கு மேல் போய், வாங்கப்படும் கம்பெனிக்கு இங்கே கணிசமான தொழிலும் இருந்தால் கேட்டாக வேண்டும்.

கேள்வி: ஒரு விமானக் கம்பெனியே உள்நாட்டுச் சந்தையில் அறுபது சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கிறதே, அது குற்றம் இல்லையா?
– வாசகர், மதுரை

இல்லை. பெரிதாக இருப்பது குற்றமில்லை. பெரிதாக இருப்பதைக் காட்டி அடாவடி செய்வதுதான் குற்றம். 1969-இன் பழைய ஏகபோகச் சட்டம்தான் பருமனைப் பார்த்தே முகம் சுளித்தது. அதை 2009-இல் தூக்கிவிட்டார்கள்.

கேள்வி: நாங்கள் சின்ன ஓட்டல்காரர்கள். டெலிவரி செயலிகளின் கமிஷன் தாங்காமல் சங்கம் கூடி, 'இவ்வளவுக்கு மேல் கொடுக்க மாட்டோம்' என்று முடிவெடுத்தால் அதுவும் சிண்டிகேட்டா?
– ஓட்டல் உரிமையாளர், நாமக்கல்

வருத்தமான பதில்: ஆகலாம். கூட்டாக விலை முடிவு செய்கிறவர் பெரியவரா சின்னவரா என்று சட்டம் பார்ப்பதில்லை. சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் புது மொத்த விற்பனையாளரைச் சேர்க்கக் கூடாது என்று நடந்துகொண்டதற்காக மருந்து வணிகர்களின் அகில இந்தியச் சங்கத்துக்கே 2013-இல் அபராதம் போட்டிருக்கிறார்கள். கூட்டாகப் புகார் கொடுப்பதில் தவறே இல்லை. உணவகங்களின் தேசியச் சங்கம் 2021-இல் ஸொமேட்டோ, ஸ்விக்கி மேல் புகார் கொடுத்தது, 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் 'எல்லாரும் இன்ன விலை' என்று தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, மீறுகிறவருக்கு அபராதம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காகிதத்தை எதிராளி அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பார். பெரிய கம்பெனிகள் புத்தகத்தை மூடிவிடுகின்றன. சின்னவர்கள்தான் நேர்மையாக மினிட்ஸ் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

இது எனக்கு நெருடலான இடம். ஆஸ்திரேலியாவில் 2021 ஜூனிலிருந்து, ஆண்டு வரவு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்குள் இருக்கும் சிறு தொழில்கள் ஒன்று சேர்ந்து பெரிய கம்பெனியோடு பேரம் பேசலாம் என்று பொது விலக்கே கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். நம் சட்டத்திலும் விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் சங்கம் அடுத்த தீர்மானத்தை அதற்காகப் போடட்டும்.

கேள்வி: எங்கள் பகுதி ஜல்லி, எம்-சாண்ட் விலையில் சந்தேகம் இருக்கிறது. யாரிடம், எப்படிப் புகார் கொடுப்பது? வம்பு வருமா?
– சிறு ஒப்பந்ததாரர், திருப்பூர்

நீங்களே கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம் என்று ஓலா, உபர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல்தான் வர வேண்டும் என்பதில்லை. நீங்கள் நேரில் வாதிடலாம், ஆடிட்டரையும் அனுப்பலாம். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம். விஷயம் நடந்து மூன்று வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2023-இல் வந்த விதி. தென் மண்டலத்துக்குச் சென்னையிலேயே ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது.

கம்பி விலை விவகாரம் கிளம்பியதே உங்கள் பக்கத்து ஊரில்தான். கோவை மாநகராட்சி ஒப்பந்ததாரர்கள் சங்கம் எஃகுக் கம்பெனிகள் கூடி விலை ஏற்றுகின்றன என்று நீதிமன்றம் போனது. அதைத் தொடர்ந்து 2021-இல் ஆணையம் விசாரணையில் இறங்கியது.

'விலை ரொம்ப அதிகம்' என்று மட்டும் எழுதினால் மூடிவிடுவார்கள். கிரஷர்காரர்கள் அனுப்பும் விலை மாற்ற வாட்ஸாப் தகவல்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள். நாலைந்து கிரஷர்களின் பில்கள், ஏற்றத்துக்கு முன்னும் பின்னும், கட்டாயம் வேண்டும். "சங்கத்துல சொல்லிட்டாங்க, நான் குறைக்க முடியாது" என்று யாராவது எழுதியே அனுப்பியிருந்தால் அதை முதல் இணைப்பாக வையுங்கள். டீசல் விலை, அரசுக்குக் கட்டும் ராயல்டி ஏறியதால்தான் ஏற்றினோம் என்பார்கள்; அந்த மாதங்களில் இரண்டும் எவ்வளவு ஏறின என்ற கணக்கையும் நீங்களே சேர்த்துவிட்டால் அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் குறையும்.